அரசு வாங்கும் கம்பியும் கல்லும் ‘பசுமை’யா? கும்மிடிப்பூண்டி, திருவள்ளூரை வைத்து ஒரு விளக்கம்

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் போனவர்கள் இதைக் கவனித்திருப்பீர்கள். பழைய இரும்பை ஏற்றிக்கொண்டு லாரிகள் உள்ளே போகும். புதுக் கம்பியை ஏற்றிக்கொண்டு டிரெய்லர்கள் வெளியே வரும். கார் பாகம், உடைந்த கட்டிலின் சட்டம், இடித்த கட்டடத்தின் கம்பி எல்லாம் உலைக்குள் போய், உருகி, பில்லட்டாகி, மறுபடி டிஎம்டி கம்பியாக வருகிறது. அந்தக் கம்பி யார் வீட்டுக் கூரைக்கும் போகலாம். அரசுப் பள்ளிக்கும் மேம்பாலத்துக்கும் போகலாம்.

அங்கிருந்து நேர்கோட்டில் 30 கி.மீ.க்குள், அதே திருவள்ளூர் மாவட்டத்தின் பொன்னேரி பக்கம், இன்னொரு பொருள் மலையாகக் குவிகிறது: அனல் மின் நிலையங்களின் நிலக்கரிச் சாம்பல். அதிலும் கல் செய்யலாம், சாலைக்கு அடியில் நிரப்பலாம்.

இரண்டுக்கும் மிகப் பெரிய வாடிக்கையாளர் ஒருவரே: அரசு. அப்படியானால், “இந்தக் கம்பி எப்படித் தயாரானது? இந்தக் கல்லில் சாம்பல் எவ்வளவு?” என்று வாங்கும்போதே அரசு கேட்க முடியுமா? கேட்கச் சொல்லி விதி இருக்கிறதா? இருந்தால், ஏன் நம் கண்ணுக்குத் தெரியவில்லை?

சுருக்கமான பதில்: விதிகள் இருக்கின்றன. சிலது 25 ஆண்டுகளுக்கும் மேல் பழசு. ஆனால் டெண்டர் ஆவணத்தில் ஒரு எண்ணாக இறங்காத வரை, அந்த விதி காகிதத்தில்தான் இருக்கும். விரிவாகப் பார்ப்போம்.

அரசு அவ்வளவு பெரிய கஸ்டமரா?

ஆமாம். இந்தியாவில் மத்திய, மாநில அரசுகள், உள்ளாட்சிகள், பொதுத்துறை நிறுவனங்கள் வாங்கும் பொருள், சேவை, கட்டுமானம் எல்லாம் சேர்ந்தால் நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 15 முதல் 20 விழுக்காடு வரை வரும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. இவ்வளவு பெரிய வாடிக்கையாளர் “எனக்கு இப்படித்தான் வேண்டும்” என்று சொன்னால், விற்பவர்கள் மாறித்தான் ஆக வேண்டும்.

இது வெறும் தியரி இல்லை. எல்இடி பல்பை நினைத்துப் பாருங்கள். 2014 தொடக்கத்தில் அரசு நிறுவனமான இஇஎஸ்எல் மொத்தமாக எல்இடி பல்பு வாங்கியபோது ஒரு பல்பின் கொள்முதல் விலை 310 ரூபாய். திரும்பத் திரும்பப் பெரிய அளவில் டெண்டர் விட்டதில், 2016ல் அது 38 ரூபாய்க்கு வந்தது. தொழில்நுட்பம் உலகம் முழுக்கவே மலிவானது என்பதும் உண்மை. ஆனால் “கோடிக்கணக்கில் வாங்குவேன்” என்ற உறுதி இல்லாமல் இரண்டே ஆண்டில் இந்த இறக்கம் வந்திருக்காது. இன்று உங்கள் வீட்டில் குண்டு பல்பு இல்லாததற்கு அந்த டெண்டர்களும் ஒரு காரணம்.

இப்படி, விலையோடு சுற்றுச்சூழல் பாதிப்பையும் கணக்கில் எடுத்து அரசு வாங்குவதைத்தான் ‘பசுமைக் கொள்முதல்’ என்கிறார்கள். ஜப்பான் இதற்கென 2000லும் தென்கொரியா 2005லும் தனிச் சட்டமே போட்டன. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் 2017ல் ஒரு சட்டம் இயற்றி, மாநில அரசு வேலைகளுக்கு வாங்கும் கட்டுமானக் கம்பி, எஃகுச் சட்டங்கள், கண்ணாடி போன்றவற்றுக்குக் கார்பன் உச்சவரம்பு வைத்தது. அதைத் தாண்டிய கம்பி அங்கே அரசு வேலைக்குப் போக முடியாது.

இந்தியாவில் இந்த விஷயத்துக்கு மட்டும் என ஒரே சட்டம் கிடையாது. ஆங்காங்கே சிதறிய விதிகள்தான் இருக்கின்றன.

‘எல்-1’ இருக்கும்போது பசுமை எப்படி?

டெண்டர் என்றதும் எல்லோரும் சொல்வது: “எல்-1 யாரோ அவருக்குத்தான்.” அதாவது குறைந்த விலை சொன்னவருக்கே வேலை. அப்படியிருக்க, கொஞ்சம் விலை கூடுதலான பசுமைப் பொருளை எந்த அதிகாரி வாங்குவார்? நாளைக்குத் தணிக்கையில் கேள்வி வந்தால் யார் பதில் சொல்வது?

இந்தப் பயம் நியாயமானது. ஆனால் சட்டம் சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகப் படித்தால் வேறு விஷயம் தெரியும். தமிழ்நாட்டில் அரசு வாங்குதலைக் கட்டுப்படுத்துவது 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம். அதன் 10ஆவது பிரிவு குறைந்த விலையை ஏற்கச் சொல்கிறது. ஆனால் எது குறைந்தது என்பதை, டெண்டர் ஆவணத்திலேயே குறிப்பிட்ட, பாரபட்சமில்லாத, அளவிடக்கூடிய காரணிகளை வைத்தும், அவற்றுக்குக் கொடுத்த மதிப்பை வைத்தும் முடிவு செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது.

இதில் முக்கியமான வார்த்தை ‘அளவிடக்கூடிய’. “சுற்றுச்சூழலுக்கு உகந்த பொருளாக இருக்க வேண்டும்” என்று டெண்டரில் எழுதினால் அது செல்லாக்காசு. யார் வேண்டுமானாலும் “எங்களுடையதும் உகந்ததுதான்” என்பார்கள். “5 ஸ்டார் ஃபேன்” என்று எழுதினால் அதை அளக்கலாம், சரிபார்க்கலாம், இல்லையென்றால் நிராகரிக்கலாம். எல்-1 போட்டி அதற்குப் பிறகு, 5 ஸ்டார் ஃபேன்களுக்குள் நடக்கும்.

மத்திய அரசு இதை ஏற்கெனவே செய்கிறது. 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளில் 173ஆவது விதி, அறிவிக்கப்பட்ட மின்சாதனங்களை வாங்கும்போது எரிசக்தித் திறன் அமைப்பின் குறிப்பிட்ட ஸ்டார் அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும் என்கிறது. ஏசி, ஃபிரிட்ஜ், ஃபேன் போன்றவை இதில் வரும். வாங்கும்போது விலை கொஞ்சம் கூடினாலும், ஆண்டுக்கணக்கில் கரண்ட் பில்லில் மிச்சம். சட்டம் கதவை மூடி வைக்கவில்லை. உள்ளே வர ஒரு எண் வேண்டும், அவ்வளவுதான்.

பாடம் 1: சாம்பல்

எண் இருந்தும், கட்டாயம் இருந்தும், விதி எப்படிப் பாதி வழியில் நிற்கும்? அதற்குத் திருவள்ளூர் மாவட்டத்தைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

நம் நாட்டு நிலக்கரியில் 30 முதல் 45 விழுக்காடு வரை சாம்பல். மூன்று டன் நிலக்கரி எரித்தால் தோராயமாக ஒரு டன் மிச்சம் என்று வைத்துக்கொள்ளலாம். பொன்னேரி வட்டத்தில் வட சென்னை அனல் மின் நிலையம் இருக்கிறது. பக்கத்திலேயே தேசிய அனல் மின் கழகமும் தமிழ்நாடு மின் வாரிய நிறுவனமும் கூட்டாக அமைத்த 1,500 மெகாவாட் வல்லூர் நிலையம் இருக்கிறது. சாம்பலுக்குப் பஞ்சமே இல்லை.

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 1999 செப்டம்பர் 14 அன்று ஒரு அறிவிக்கை போட்டது. அனல் மின் நிலையத்திலிருந்து 50 கி.மீ. சுற்றளவில் உள்ள செங்கல் சூளைகள், மண்ணோடு குறைந்தது 25 விழுக்காடு சாம்பலைக் கலக்க வேண்டும் என்றது. வயல் மேல்மண்ணைக் காப்பாற்றுவதுதான் நோக்கம். சூளைகளுக்குப் பேர்போன திருவள்ளூர் மாவட்டத்துக்கு இது நேரடியான விஷயம்.

அதே அறிவிக்கையில் பலர் கவனிக்காத இன்னொரு வரியும் உண்டு. மத்திய, மாநிலப் பொதுப்பணித் துறைகள், வீட்டு வசதி வாரியங்கள், நெடுஞ்சாலை ஆணையம் போன்ற கட்டுமான அமைப்புகள், தங்கள் விவரக்குறிப்புப் பட்டியல்களில் சாம்பலையும் சாம்பல் பொருட்களையும் நான்கு மாதத்துக்குள் சேர்க்க வேண்டும். அதாவது, விதி எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது: பட்டியலில் ஏறாத பொருளை எந்த இன்ஜினீயரும் எஸ்டிமேட்டில் போட மாட்டார்.

பிறகு அந்தச் சுற்றளவு 2003ல் 100 கி.மீ., 2016ல் 300 கி.மீ. என விரிந்தது. கடைசியாக 2021 டிசம்பர் 31 அன்று புது அறிவிக்கை வந்தது. இப்போது நடைமுறையில் இருப்பது இதுதான். அதில் முக்கியமானவை:

• மின் நிலையங்கள் ஆண்டுதோறும் உருவாகும் சாம்பலை, கொடுக்கப்பட்ட கால வரம்புக்குள் முழுவதும் பயன்பாட்டுக்கு அனுப்ப வேண்டும். தவறினால் டன்னுக்கு 1,000 ரூபாய் சுற்றுச்சூழல் இழப்பீடு.

• குளங்களில் ஏற்கெனவே தேங்கிக் கிடக்கும் பழைய சாம்பலையும் 10 ஆண்டுகளுக்குள் படிப்படியாகத் தீர்க்க வேண்டும்.

• 300 கி.மீ.க்குள் நடக்கும் சாலை, மேம்பால அணுகுசாலை நிரப்பு வேலைகளில் சாம்பல் கட்டாயம். சாம்பல் இலவசமாகவும், லாரி வாடகை மின் நிலையத்தின் செலவிலும் வேலை நடக்கும் இடத்துக்கு வர வேண்டும் என்பது நிபந்தனை.

• 300 கி.மீ.க்குள் கட்டும் கட்டடங்களில் சாம்பல் கல், ஓடு போன்றவை. மாற்றுப் பொருளைவிட விலை கூடாமல் கிடைக்க வேண்டும் என்பது நிபந்தனை.

திருவள்ளூர், காஞ்சிபுரம், வேலூர், விழுப்புரம் எல்லாமே இந்த வட்டத்துக்குள்தான். உங்கள் ஊரில் இப்போது கட்டும் பஞ்சாயத்து அலுவலகமும் ஆரம்ப சுகாதார நிலையமும் இதில் அடக்கம்.

அப்போ விதி வெற்றியா, தோல்வியா?

ரெண்டும்தான்.

1996-97ல் நாட்டின் அனல் மின் நிலையச் சாம்பலில் பயன்பாட்டுக்குப் போனது 10 விழுக்காடுகூட இல்லை. அண்மை ஆண்டுகளில் இது 90 விழுக்காட்டைத் தாண்டியிருக்கிறது. பெரிய சாதனை. ஆனால் அதிக அளவில் சாம்பலை எடுத்துக்கொண்டது சிமென்ட் துறை. காரணம் எளிது: சிமென்ட்டில் விலை அதிகமான கிளிங்கருக்குப் பதில் சாம்பல் கலந்தால் ஆலைக்கு லாபம். ‘பிபிசி’ என்று மூட்டையில் போட்டிருக்கிறதே, அந்த வகை சிமென்ட்டில் 15 முதல் 35 விழுக்காடு வரை சாம்பல் கலக்கத் தரநிலையே அனுமதிக்கிறது. தரநிலை, லாபம் இரண்டும் சேர்ந்ததால் விதி தானாக ஓடியது.

சிக்கல் எங்கே? சிமென்ட் ஆலைகள் விரும்புவது, புகைபோக்கிக்கு முன்னால் பிடிக்கப்படும் நைசான உலர் சாம்பலை. தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே குளத்துக்கு அனுப்பிய ஈரச் சாம்பலுக்கு அந்த மவுசு இல்லை. அது அங்கேயே கிடக்கிறது. வட சென்னை அனல் மின் நிலையத்தின் சாம்பல் குளத்தை ஒட்டியிருக்கும் செப்பாக்கம் கிராமத்துக்குக் காற்றடித்தால் என்ன வரும் என்று சொல்லத் தேவையில்லை. சாம்பல் குழாய்க் கசிவால் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் சாம்பல் படிந்த விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. 2022ல் அதன் தென்மண்டல அமர்வு சீரமைப்புக்கான உத்தரவுகளையும் போட்டது.

இந்தக் குளத்துச் சாம்பலை மொத்தமாக விழுங்கக்கூடிய வேலை ஒன்று உண்டு: சாலைக் கரை நிரப்புதல். அப்படிப்பட்ட வேலையை இவ்வளவு பெரிய அளவில் செய்வது அரசுதான். எண்ணூர் துறைமுகத்திலிருந்து தச்சூர், திருவள்ளூர் வழியாக மாமல்லபுரம் அருகே பூஞ்சேரி வரை போகும் சென்னை எல்லைச் சாலைத் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் சுமார் 133 கி.மீ. அது தொடங்குவதே சாம்பல் குளங்கள் இருக்கும் பக்கத்தில். இந்த மாதிரித் திட்டங்களின் டெண்டரில் “நிரப்பு மண்” என்ற வரிக்குப் பக்கத்தில் சாம்பலின் அளவு எண்ணாக இருக்கிறதா என்பதில்தான், ஏரி மண் தப்பிக்குமா, செப்பாக்கம் மூச்சு விடுமா என்பது அடங்கியிருக்கிறது.

சாம்பல் கல்லின் கதையும் இதேதான். அதைச் சூளையில் சுட வேண்டாம். சுண்ணாம்போ சிமென்ட்டோ சேர்த்து அழுத்தி, தண்ணீர் விட்டு ஆற்றினால் போதும். விறகு, நிலக்கரிப் புகை இல்லை. இதற்கு இந்தியத் தரநிலைகளும் தனியாக உண்டு (ஐஎஸ் 12894, ஐஎஸ் 16720). ஆனால் சரியாகத் தண்ணீர் விட்டு ஆற்றாத மட்டமான கல்லை ஒருமுறை வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்ட மேஸ்திரி, அடுத்த முறை “வேணாம் சார், சுவர் வெடிக்கும்” என்பார். சைட் இன்ஜினீயரும் பழைய செங்கல்லையே எழுதுவார். கட்டாயம் என்று மட்டும் சொல்லி, தரத்தைச் சோதிக்க ஏற்பாடு செய்யாத விதி இப்படித்தான் பெயரைக் கெடுத்துக்கொள்கிறது.

பாடம் 2: இப்போது எஃகுக்கும் ஸ்டார்

சாம்பல் பழைய கதை. கும்மிடிப்பூண்டிக்கு இனிமேல் வரப்போவது எஃகு.

2024 டிசம்பர் 12 அன்று மத்திய எஃகு அமைச்சகம் ‘பசுமை எஃகு வகைப்பாடு’ ஒன்றை வெளியிட்டது. ‘பசுமை எஃகு’ என்றால் என்ன என்று எண்ணால் சொன்ன முதல் நாடு இந்தியா என்று அமைச்சகம் சொல்லிக்கொண்டது. எண்கள் இவை. ஒரு டன் எஃகு தயாரிக்க வெளியாகும் கார்பன் டை ஆக்சைடுக்கு இணையான வாயுக்கள்:

• 1.6 டன்னுக்குக் கீழ்: 5 ஸ்டார்
• 1.6 முதல் 2.0 டன் வரை: 4 ஸ்டார்
• 2.0 முதல் 2.2 டன் வரை: 3 ஸ்டார்
• 2.2 டன்னுக்கு மேல்: பசுமை எஃகு இல்லை

இந்தியாவின் சராசரி சுமார் 2.5 டன். அதாவது சராசரி இந்திய எஃகு இந்தப் பரீட்சையில் ஃபெயில். சான்றிதழ் கொடுக்கும் பொறுப்பு தேசிய இரண்டாம்நிலை எஃகுத் தொழில்நுட்ப நிறுவனத்திடம். வரம்புகளை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்வார்கள்.

இதோடு சேர்த்தே அமைச்சகம் இன்னொன்றும் சொன்னது: சுமார் 15,000 கோடி ரூபாயில் பசுமை எஃகு இயக்கம் ஒன்று தயாராகிறது; அரசு அமைப்புகள் பசுமை எஃகு வாங்குவதைக் கட்டாயமாக்குவதும் அதில் ஒரு பகுதி. அந்தக் கட்டாயம் நடைமுறைக்கு வரும் நாளில், ஸ்டார் இல்லாத கம்பிக்கு அரசு வேலையில் இடம் சுருங்கும்.

கும்மிடிப்பூண்டிக்கு எத்தனை ஸ்டார்?

இங்கேதான் கதை சுவாரஸ்யமாகிறது. சின்ன ஊர், சின்ன உலை என்பதால் கும்மிடிப்பூண்டிக்குக் கஷ்டம் என்று நினைப்போம். கணக்கு வேறு மாதிரி இருக்கிறது.

பெரிய ஒருங்கிணைந்த ஆலைகள் இரும்புத் தாதுவிலிருந்து கோக் நிலக்கரி வைத்து இரும்பு பிரிக்கின்றன. கார்பனின் பெரும்பகுதி அங்கேதான் வெளியாகிறது. கும்மிடிப்பூண்டி வகை இண்டக்‌ஷன் உலை, ஏற்கெனவே இரும்பாக இருப்பதைக் கரண்ட்டில் உருக்குகிறது. தோராயமாகப் பார்த்தால், ஒரு டன் உருக்க 600 முதல் 700 யூனிட் மின்சாரம். நம் மின் தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. பெருக்கினால் 420 முதல் 490 கிலோ. பில்லட்டைச் சூடாக்கிக் கம்பியாக உருட்டும் எரிபொருளைச் சேர்த்தாலும் 1.6 டன் எல்லைக்கு நன்றாகக் கீழேதான் நிற்கும்.

அதாவது, முழுக்கப் பழைய இரும்பை உருக்கும் உலைக்கு 5 ஸ்டார் எட்டாக்கனி இல்லை.

ஆனால் பழைய இரும்பு எப்போதும் போதுமான அளவில், கட்டுபடியாகும் விலையில் கிடைப்பதில்லை. அப்போது ஆலைகள் ஸ்பாஞ்ச் அயர்ன் சேர்க்கின்றன. நிலக்கரி வைத்துத் தயாரிக்கும் ஸ்பாஞ்ச் அயர்ன் ஒரு டன்னுக்கே 2 டன்னுக்கு மேல் கார்பன் பிடிக்கும். அது வேறு மாநிலத்தில் தயாரானாலும், வாங்கிய மூலப்பொருளின் கார்பனும் இந்த வகைப்பாட்டின் கணக்கில் சேரும். எனவே ஒரே தெருவில், ஒரே மாதிரி உலை வைத்திருக்கும் இரண்டு ஆலைகளில் ஒன்று 5 ஸ்டாரும் இன்னொன்று ஸ்டாரே இல்லாமலும் இருக்க முடியும். கம்பியைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கம்பிக்கான தரநிலை ஐஎஸ் 1786 வலிமையையும் வளையும் தன்மையையும் சொல்லும், கார்பனைச் சொல்லாது. அந்த வேலைக்குத்தான் இந்த ஸ்டார்.

கரண்ட் எங்கிருந்து வருகிறது என்பதும் கணக்கை மாற்றும். காற்றாலை, சூரிய மின்சாரத்தில் குறைந்தது 26 விழுக்காடு பங்கு வைத்து, 51 விழுக்காடு மின்சாரத்தைத் தானே பயன்படுத்தினால் அது ‘சொந்த உற்பத்தி’ என்ற சலுகைக்குள் வரும். பல நிறுவனங்கள் கூட்டாகவும் இதைச் செய்யலாம். காற்று வளம் உள்ள தமிழ்நாட்டில் இருக்கும் ஆலைக்கு இது கையில் இருக்கும் துருப்புச்சீட்டு.

ஸ்டார் எதை எண்ணாது?

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஸ்டார் எண்ணுவது கார்பனை மட்டும்.

உலையைத் திறக்கும்போது எழும் தூசுப் புகை, மொட்டை மாடியில் காயும் துணியில் படியும் கருப்பு, இரவெல்லாம் கேட்கும் சத்தம், உருகிய இரும்பு பக்கத்தில் நிற்கும் வெளிமாநிலத் தொழிலாளியின் பாதுகாப்பு: இவை எதுவும் அந்த 1.6க்குள் வராது. பழைய இரும்போடு வரும் பெயின்ட், எண்ணெய், பிளாஸ்டிக் எரிந்தால் வரும் புகையும் வராது. உலகக் கணக்கில் 5 ஸ்டார் வாங்கும் ஆலை, சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் தெருவுக்கு பூஜ்ஜியமாக இருக்க வாய்ப்பு உண்டு.

தூசுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இருக்கிறது என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் ஒரு ஆலைக்கு அபராதத்தைவிடப் பெரிய பயம் ஆர்டர் போய்விடுவது. வாரியத்தின் செல்லுபடியாகும் இசைவாணை வேண்டும், குறிப்பிட்ட காலத்துக்குள் மூடல் உத்தரவு வாங்கியிருக்கக் கூடாது, புகை உறிஞ்சும் கருவி ஓடியதற்கான பதிவு வேண்டும் என்று மூன்று நிபந்தனையை டெண்டரில் சேர்த்தால் போதும். மூன்றுமே ஆம், இல்லை என்று சரிபார்க்கக்கூடியவை. சட்டம் கேட்கும் ‘அளவிடக்கூடிய’ பட்டியலுக்குள் பொருந்துபவை. இப்படிச் செய்தால்தான் ‘பசுமை’ என்ற சொல் கும்மிடிப்பூண்டி மக்களுக்கும் ஏதாவது அர்த்தம் தரும்.

சின்ன ஆலைகள் மாட்டிக்கொள்ளுமா?

மாட்டிக்கொள்ளலாம். கார்பன் கணக்கு எழுத ஆள் வேண்டும், மீட்டர் வேண்டும், சான்றுக்குச் செலவு வேண்டும். பெரிய கம்பெனிக்கு அதற்கென ஒரு டிபார்ட்மெண்டே இருக்கும். 40 பேர் வேலை செய்யும் யூனிட்டில் கணக்கு, ஜிஎஸ்டி, லோடு எல்லாம் பார்ப்பவர் ஒரே ஆள். அப்போது, உண்மையில் குறைந்த கார்பனில் கம்பி செய்யும் சின்ன ஆலை, காகிதம் இல்லாததால் வெளியே நிற்கும் விபரீதம் நடக்கலாம். சாம்பல் கல் யூனிட்களுக்கும் இதே நிலைமைதான்.

மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 25 விழுக்காட்டைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்ற கொள்கை ஏற்கெனவே இருக்கிறது. அதற்குள் பட்டியல் சாதி, பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களுக்கு 4 விழுக்காடு, பெண்கள் நடத்துபவற்றுக்கு 3 விழுக்காடு. பசுமை விதி ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடுங்கக் கூடாது என்றால், சான்றுச் செலவில் உதவி, தொழிற்பேட்டை அளவில் பொதுவான பரிசோதனைக் கூடம், படிப்படியான கால அவகாசம் ஆகியவை சேர்ந்து வர வேண்டும். சிப்காட்டும் காக்களூர் சிட்கோவும் இதற்கு இயல்பான இடங்கள்: ஆலைகள் அடுத்தடுத்து இருப்பதால் ஒரு ஆய்வாளர் ஒரே நாளில் பல யூனிட்களைப் பார்த்துவிடலாம்.

சரி, இது எந்த மேஜையில் முடிவாகிறது?

ஒரு அரசுக் கட்டடம் வரும் வழியைப் பாருங்கள். முதலில் இன்ஜினீயர் மதிப்பீடு போடுவார். அதில் ஒவ்வொரு பொருளுக்கும் துறையின் விலைப் பட்டியலில் உள்ள விலையைத்தான் எழுதலாம். பிறகு நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், வேலை. கடைசியில் எம்-புக்கில் அளவு எழுதி, பில் பாஸ் ஆகும்.

பசுமை விதி தப்பிப் போகும் இடங்கள் மூன்று. விலைப் பட்டியலில் அந்தப் பொருளே இல்லாவிட்டால் மதிப்பீட்டில் வராது. மதிப்பீட்டில் வந்தும் டெண்டரில் எண்ணாக எழுதாவிட்டால் ஒப்பந்ததாரர் கேட்கத் தேவையில்லை. டெண்டரில் இருந்தும் எம்-புக் எழுதும்போது யாரும் சரிபார்க்காவிட்டால், சாம்பல் கல் என்று பில் போட்டு வேறு கல் ஏறிவிடும். தில்லியில் வெளியாகும் அறிவிக்கை திருவள்ளூரில் சுவராக மாறுவதற்குள் இந்த மூன்று வாசலையும் தாண்ட வேண்டும். 1999ன் சாம்பல் விதி முதல் வாசலைப் பற்றி யோசித்தது. மற்ற இரண்டையும் துறைகளின் பொறுப்பில் விட்டது. எஃகு விதியாவது மூன்றையும் சேர்த்து எழுதப்பட வேண்டும்.

நாம என்ன பண்ணலாம்?

நிறைய. டெண்டர் ஆவணங்கள் ரகசியம் இல்லை. தமிழ்நாடு அரசின் ‘டிஎன் டெண்டர்ஸ்’ தளத்தில் பல துறைகளின் டெண்டர்கள் பொதுவில் இருக்கின்றன. உங்கள் ஊரில் பள்ளியோ சாலையோ வருகிறதென்றால், அந்த ஆவணத்தை போனிலேயே இறக்கி ‘ஃபிளை ஆஷ்’ என்று ஆங்கிலத்தில் தேடிப் பாருங்கள். ஒரு இடத்தில்கூட வரவில்லை என்றால், 300 கி.மீ. விதி இந்த வேலைக்கு எப்படிப் பின்பற்றப்படுகிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரே கேள்வி கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய்தான்.

கட்டுமான கம்பெனியில், கொள்முதல் பிரிவில் வேலை பார்ப்பவரா? வாங்கும் கம்பிக்கு எவ்வளவு பழைய இரும்பு, எவ்வளவு ஸ்பாஞ்ச் அயர்ன் என்று சப்ளையரிடம் இப்போதே கேட்கத் தொடங்குங்கள். ஆலையில் வேலை பார்ப்பவரா? உலைக்கும் உருட்டாலைக்கும் தனித்தனி மீட்டர் ரீடிங், மூலப்பொருள் பில் இரண்டையும் மாதவாரியாகச் சேர்த்து வையுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதியாகும் எஃகு, அலுமினியம் போன்றவற்றுக்குக் கார்பன் கணக்கு கேட்பதை 2023 அக்டோபரில் தொடங்கி, 2026 ஜனவரியிலிருந்து அதைக் கட்டணமாக்கும் கட்டத்துக்குப் போயிருக்கிறது. நம் அரசு நாளை கேட்கப்போவதும் அதே கணக்குதான்.

விதி போடுபவர்கள் தில்லியிலும் கோட்டையிலும் இருக்கலாம். அது உண்மையாகும் இடம், ஏதோ ஒரு உதவிப் பொறியாளரின் மேஜையில் இருக்கும் மதிப்பீட்டின் ஒரு வரி. அந்த வரியில் “செங்கல்” என்று இருக்கிறதா, “சாம்பல் கல், ஐஎஸ் 16720” என்று இருக்கிறதா. “கம்பி” என்று இருக்கிறதா, “கம்பி, 4 ஸ்டார் அல்லது அதற்கு மேல்” என்று இருக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் செப்பாக்கத்தில் குளம் வற்றும், கும்மிடிப்பூண்டியில் நல்ல உலைக்கு ஆர்டர் வரும்.